பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, ரெட்டினாவை எதற்குப் பார்க்க வேண்டும்?

சென்ற இதழில் சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பற்றி எழுதும்போது, கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் ரெட்டினாவை, அதாவது விழித்திரையை, கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேஜை முழுக்க. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுத இடம் போதாது என்பதால் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழாக எடுத்திருக்கிறேன். வீட்டு விஷயம், உடம்பு விஷயம் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவருக்கு 54 வயது. சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது, பிரஷரும் உண்டு. போன மாதம் கிரியாட்டினின் (கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 2.9 என்று வந்தது. கிட்னி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "ரெட்டினா பார்த்து ரிப்போர்ட்டோடு வாங்க" என்கிறார். இவரோ இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரில் பொடி எழுத்து விளம்பரம் வரை படிக்கிறார், பைக் ஓட்டுகிறார். வீண் செலவு என்று வர மறுக்கிறார். அவசியம் போகத்தான் வேண்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

அவசியம் போக வேண்டும் அம்மா, அதுவும் இந்த மாதமே. பேப்பர் படிக்க முடிகிறது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது ரெட்டினா நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை. கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரைதான் ரெட்டினா. அதன் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் தெரிவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. அதைச் சுற்றியுள்ள பெரிய பரப்பில் ரத்தக்கசிவு இருக்கலாம், கெட்ட ரத்தக்குழாய்கள் புதிதாக முளைத்திருக்கலாம், நடுவிடத்தைத் தொடாத வரை அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. போர்டில் கடைசி வரி வரை கடகடவென்று படித்தவர்களுக்கு, அன்றைக்கே லேசர் வைக்க வேண்டிய நிலையில் ரெட்டினா இருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் கண்ணுக்குள் கறுப்பு மை கொட்டினாற்போல ரத்தம் பரவும்போதுதான் ஓடி வருவார்கள். அதற்கு முந்தைய வாரம் வந்திருந்தால் வேலை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் என்று நினைத்து நினைத்து மனசு ஆறாது.

இப்போது, கிட்னிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்பது. ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வடிகட்டியும் தலைமுடியை விட மெல்லிய ரத்தக்குழாய்களின் ஒரு சுருள். ரெட்டினாவில் ஓடுவதும் அதே மாதிரி நுண்ணிய குழாய்கள்தான். சர்க்கரையும் பிரஷரும் வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே கதைதான், குழாயின் சுவர் கெட்டுப்போய் ஒழுக ஆரம்பிக்கும். கிட்னியில் ஒழுகினால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் யூரினில் வரும், யூரின் போன இடத்தில் சோப்பு நுரை மாதிரி நுரைத்து அடங்காமல் நிற்கும். கண்ணில் ஒழுகினால் நீரும் கொழுப்பும் மாக்குலாவில் தேங்கி வீங்கும். இதற்கு மேல் கிட்னி கெடும்போது உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்து பிரஷர் இன்னும் ஏறும், ரத்தசோகையும் வரும், இரண்டுமே ரெட்டினாவை மேலும் கெடுக்கும். அதனால்தான் கிரியாட்டினின் ஏறியவர்களின் கண்ணைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறோம்.

உங்கள் கிட்னி டாக்டர் ரிப்போர்ட் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கும், இதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். உடம்பைக் கிழிக்காமல் ரத்தக்குழாயை நேராகக் கண்ணால் பார்க்க முடிந்த இடம் ரெட்டினா ஒன்றுதான். பல வருடமாகச் சர்க்கரை உள்ள ஒருவருக்கு யூரினில் புரதம் போகிறது, ஆனால் ரெட்டினா சுத்தமாக இருக்கிறது என்றால், கிட்னி கெட்டது சர்க்கரையால்தானா, இல்லை வேறு நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அவர் யோசிப்பார், தேவைப்பட்டால் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை போவார். ரெட்டினாவிலும் சர்க்கரையின் அடையாளம் இருந்தால் அவருடைய சந்தேகம் ஒரு பக்கமாகச் சாயும். ஆக, இந்தப் பரிசோதனை கண்ணுக்காக மட்டும் இல்லை, கிட்னி வைத்தியத்துக்கும் வேண்டியது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், வருவார்.

பரிசோதனை பெரிய விஷயம் இல்லை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பா விரிய அரை மணி நேரம் உட்கார வேண்டும், அப்புறம் பத்து நிமிட வேலை. நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். அன்றைக்கு மட்டும் அவரை பைக் எடுக்க விடாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். கிரியாட்டினின், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டுகளைக் கையில் கொண்டுபோங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வருடம் ஒரு முறை போக வேண்டும், பாதிப்பு இருந்தால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்று டாக்டர் சொல்வார்.

என் தம்பிக்கு 27 வயது. நாலு மாதமாகத் தலைவலி, பார்வை மங்கல் என்றான். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து இரண்டு தடவை கண்ணாடி மாற்றினான், தலைவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டான். கடைசியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தால் 210/130. இப்போது கிட்னி ரொம்பக் கெட்டுவிட்டது என்கிறார்கள். கண்ணுக்குப் போனவனுக்குக் கிட்னி நோய் எப்படி வந்தது? பார்வை திரும்புமா?
— வாசகர், ஓசூர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு பையனின் ஞாபகம் வந்தது. கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர், 25 வயதுகூட ஆகவில்லை. படத்தில் ஃபோகஸ் சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை கேமராவை சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார், லென்ஸில் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் கண்ணாக இருக்குமோ என்று வந்தார். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால் இரண்டு கண்ணிலும் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, தீக்கொழுந்து மாதிரி ரத்தக்கசிவுகள், பஞ்சைப் பிய்த்துப் போட்டாற்போல வெள்ளைத் திட்டுகள், மாக்குலாவைச் சுற்றி மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல. கையில் பிரஷர் பட்டையைக் கட்டச் சொன்னேன். நர்ஸ் ஒரு முறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். மெஷின் கோளாறு என்று நினைத்திருக்கிறார், மேல் அளவு 220-க்குப் பக்கத்தில் இருந்தது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், கிரியாட்டினின் அப்போதே 6-ஐத் தாண்டியிருந்தது.

உங்கள் தம்பிக்கும் வரிசை இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கிட்னி நோய் சத்தமில்லாமல் முதலில் வந்திருக்கும். இந்த வயதில் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி போன்ற வடிகட்டி நோய்கள் வருடக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இருப்பது உண்டு. அது பிரஷரை ஏற்றும், ஏறிய பிரஷர் கிட்னியை இன்னும் கெடுக்கும், இரண்டும் மாறி மாறி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ரெட்டினா தாங்காது. அவனுக்கு முதலில் தெரிந்தது கண், கெட்டது முதலில் கிட்னி. அந்தத் தலைவலி மாத்திரைகளையும் சொல்லியாக வேண்டும். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் கெட்டுக்கொண்டிருக்கும் கிட்னியை வேகமாகக் கெடுப்பவை, பிரஷரையும் ஏற்றுபவை. பிரஷரால் வரும் தலைவலிக்கு அவற்றையே வாங்கிப் போடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த ரிச்சர்ட் பிரைட் என்பவர்தான் 1827-ல் கிட்னி நோயை முதன்முதலில் விரிவாக எழுதியவர், அந்த நோயாளிகளில் சிலருக்குப் பார்வை போவதையும் அவர் கவனித்திருந்தார். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அன்றைக்கு வழி இல்லை. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை வெளியிட்ட பிறகுதான், நான் மேலே சொன்ன வெள்ளைத் திட்டுகளையும் கசிவுகளையும் டாக்டர்கள் பார்த்தார்கள். கையில் கட்டும் பிரஷர் பட்டையை இத்தாலியின் ரிவா-ரோச்சி கொண்டுவந்தது 1896-ல். அதாவது, பிரஷரை அளக்கும் பட்டை வருவதற்குச் சுமார் 40 வருடத்துக்கு முன்னாலேயே பிரஷர் செய்யும் சேதத்தைக் கண்ணுக்குள் மனிதர்கள் பார்த்துவிட்டார்கள். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு பிரஷர் மெஷின் இருக்கிறது, இருந்தும் 27 வயதுப் பையனுக்குப் பிரஷர் இருக்காது என்று யாரும் கட்டிப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: பவர் மாற்றியும் தெளிவு வராத இளவயதுக்காரர்களுக்கு மூன்றாவது கண்ணாடி போட வேண்டாம், பிரஷர் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பார்வை பற்றி: பிரஷர் கட்டுக்குள் வந்தால் பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலும் மாதங்களிலுமாக வீக்கம் வடிந்து பார்வை நல்ல அளவு திரும்புகிறது. பார்வை நரம்பு ரொம்ப நாள் வீங்கியிருந்து வெளுத்துப்போயிருந்தால் முழுசாகத் திரும்பாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இந்த அளவு பிரஷரைத் தடாலென்று ஒரே நாளில் இறக்கக் கூடாது, நரம்புக்குப் போகும் ரத்தம் குறைந்து இருக்கிற பார்வையும் போகக்கூடும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் படிப்படியாக இறக்குவது அதனால்தான், தாமதம் என்று கோபப்படாதீர்கள்.

ரெட்டினாவுக்குக் கையில் ஊசி போட்டு டை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்கேன் டை கிட்னியைக் கெடுக்கும் என்று எங்கள் டாக்டர் எச்சரித்திருக்கிறார். என் கிரியாட்டினின் 2.2. எடுக்கலாமா?
— வாசகர், சேலம்

நல்ல கேள்வி, இந்தப் பயத்தில் டெஸ்டையே தட்டிக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டாக்டர் எச்சரித்தது சி.டி. ஸ்கேனுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் போடும் அயோடின் சாயத்தைப் பற்றி. கண்ணுக்குப் போடுவது ஃப்ளூரசின் என்ற வேறு சாயம், அதில் அயோடின் இல்லை, அளவும் மிகக் குறைவு. கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது பொதுவாகப் பாதுகாப்பானது என்றுதான் கருதப்படுகிறது. தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், யூரின் பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சளாகப் போகும். உங்களுக்கு அது வெளியேறக் கூடுதல் நேரம் ஆகலாம், பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சிலருக்கு வயிறு குமட்டும், மிக அபூர்வமாகக் கடுமையான அலர்ஜி வரும், அதனால் பழைய அலர்ஜி எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். சாயம் போட்ட அன்றைக்கும் மறுநாளும் ரத்தம், யூரின் டெஸ்ட் கொடுக்காமல் இருப்பது நல்லது, சில அளவுகளை அது குழப்பிவிடும். இன்னொன்று, மாக்குலா வீக்கத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஒளியால் ரெட்டினாவைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் போதும், அதற்கு ஊசியே தேவையில்லை. எதற்காக டை என்று டாக்டரிடமே கேளுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு மாத்திரையையும் சொல்லிவிடுகிறேன். கண் பிரஷர் குறைய அசிட்டசோலமைட் என்று ஒரு மாத்திரை தருவார்கள், கண் ஆபரேஷனுக்குப் பிறகும் சில சமயம் தருவார்கள். கிட்னி ரொம்பப் பழுதானவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அது உடம்பில் தேங்கி, ஆளை மயக்கத்தில் தள்ளி, புத்தி தடுமாற வைத்துவிடும். எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக உங்கள் கிரியாட்டினினைச் சொல்லுங்கள்.

எனக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. முடிந்து எழுந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா? மாக்குலா வீக்கத்துக்குக் கண்ணில் போடும் ஊசியை எந்த நாளில் வைத்துக்கொள்வது?
— வாசகர், நாகர்கோவில்

நாலு மணி நேரத்தில் உடம்பிலிருந்து லிட்டர் கணக்கில் நீர் எடுக்கிறார்கள், பிரஷர் இறங்குகிறது, ரத்தத்தின் செறிவு மாறுகிறது, கண்ணீர்ப் படலமும் காய்கிறது. இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி மங்கி, தானாகத் தெளிந்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் எழுதி வாங்குங்கள். அடிக்கடி ரொம்ப இறங்குகிறது என்றால் எவ்வளவு நீர் எடுப்பது, பிரஷர் மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று டாக்டர் மாற்றியமைப்பார்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஒரே ஒரு கண்ணில், வலி இல்லாமல், பாதிப் பார்வை திரை போட்டாற்போல மறைந்தால், அது பார்வை நரம்புக்கு ரத்தம் குறைந்ததாக இருக்கலாம். டயாலிசிஸில் பிரஷர் ரொம்ப இறங்குபவர்களுக்கும் ரத்தசோகை அதிகம் உள்ளவர்களுக்கும் இது வரக்கூடும், ஒரு கண்ணில் வந்தது மறு கண்ணிலும் வரலாம். "சாயங்காலம் வரை பார்ப்போம்" என்று உட்காராமல் அன்றே வர வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தால் ஒரு கண் போனதே சில நாள் தெரியாது. ஆகவே தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தேதியையும் அடியில் உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள், அப்புறம் மறு கண். அப்படியே ஜன்னல் கம்பியையும் பாருங்கள். நேரான கம்பி வளைந்து தெரிந்தால் மாக்குலாவில் வீக்கம் இருக்கலாம்.

ஊசியை டயாலிசிஸ் இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்பும் களைப்பில்லாமல் இருக்கும். கண்ணுக்குள் ரத்தக்கசிவு இருந்தாலோ கண் ஆபரேஷன் செய்திருந்தாலோ, டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினைக் குறைக்கலாமா, இல்லாமல் ஓட்டலாமா என்று இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ள வேண்டும். கண்ணில் போடும் இந்த மருந்து கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும், சிலருக்குப் பிரஷரை ஏற்றியதும், யூரினில் புரதத்தைக் கூட்டியதும் உண்டு, அதனால் ஊசி போட்ட தகவல் கிட்னி டாக்டருக்கும் போக வேண்டும். இரண்டு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்னி நோயாளியான என் மாமியாருக்கு டி.பி. மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கண்ணைக் கவனிக்கச் சொன்னார்கள், எதற்கு என்று சொல்லவில்லை.
— வாசகி, வேலூர்

அந்த மருந்துகளில் எத்தாம்பியூட்டால் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கிட்னி வழியாக வெளியேறுவது, கிட்னி சரியில்லை என்றால் உடம்பில் சேர்ந்துகொண்டே போய்ப் பார்வை நரம்பைத் தாக்கும். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மெல்ல மங்கும், சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். மருந்து தொடங்கும்போதே ஒரு முறை பார்வையும் நிறமும் பரிசோதித்து எழுதி வைத்துவிட வேண்டும். வீட்டில் ஒரு குங்குமச் சிமிழைக் காட்டி ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள், நேற்று போல் இன்று சிவப்பாக இல்லை என்றால் அன்றே டாக்டரிடம் போங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பார்வை திரும்ப வாய்ப்பு அதிகம். டி.பி. மருந்து முழுவதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணுக்கு நல்லது என்று தினமும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட் சாறும் கொடுக்கிறேன். என் அப்பாவுக்குக் கிட்னி பாதிப்பு இருக்கிறது. தொடரலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் சாற்றை இன்றே நிறுத்துங்கள். கீரையிலும் காய்ச்சாற்றிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. பழுதான கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடிய உப்பு அது. அவருக்கு வந்திருப்பது வைட்டமின் ஏ குறைவு இல்லை, ரத்தக்குழாய் பாதிப்பு. அதைக் கீரை சரிசெய்யாது. கிட்னி நோயில் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கவும் செய்யும் என்பதால் அந்த மாத்திரைகளும் வேண்டாம். பொட்டாசியம் அளவைப் பார்த்து டாக்டர் சம்மதித்தால், கீரையை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, எப்போதாவது கொஞ்சம் கொடுக்கலாம். அவர் கண்ணுக்கு நீங்கள் சமையலறையில் செய்யக்கூடிய பெரிய உதவி ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்துவது, பிரஷர் இறங்கும். உப்புக்குப் பதில் என்று விற்கும் மாற்று உப்பில் இருப்பதும் பெரும்பாலும் பொட்டாசியம்தான், அதையும் வாங்காதீர்கள்.

என் அக்கா மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்து யூரினில் ரத்தம் கலந்து வருகிறது, இப்போது காதும் கொஞ்சம் மந்தம். கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறது. அக்காவின் அண்ணன் ஒருவர் இளம் வயதிலேயே கிட்னி போய் இறந்தார். எல்லாம் ஒரே நோயா?
— வாசகர், திருநெல்வேலி

ஒரே நோயாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. அல்போர்ட் சிண்ட்ரோம் என்று பெயர், அல்போர்ட் என்ற டாக்டர் 1927-ல் கிட்னி நோயும் காது கேளாமையும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து ஓடுவதை எழுதினார். கிட்னியின் வடிகட்டி, உள்காது, கண்ணின் லென்ஸ் உறை, ரெட்டினா, இவை எல்லாவற்றிலும் உள்ள ஒரே வகைக் கொலாஜன் என்ற தாங்கும் புரதம் பழுதாகப் பிறந்திருப்பதுதான் காரணம். லென்ஸின் முன்பக்கம் கூம்பு மாதிரி துருத்திக்கொண்டு வரும், அதனால்தான் பவர் மாறிக்கொண்டே இருக்கும். ரெட்டினாவில் மாக்குலாவைச் சுற்றி வெளிறிய சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை பெரும்பாலும் பார்வையைக் கெடுப்பதில்லை, ஆனால் நோய் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸ் கோளாறு முற்றினால் ஆபரேஷன் செய்து வேறு லென்ஸ் வைக்கலாம், பயம் வேண்டாம்.

இந்த நோயின் அதிகம் காணப்படும் வகை தாய் வழியாக வருவது, ஆண் பிள்ளைகளைத்தான் கடுமையாகத் தாக்கும். உங்கள் குடும்பக் கதை அதோடு ஒத்துப்போகிறது. பையனை ஒரு கிட்னி டாக்டரிடம் காட்டுங்கள், யூரினில் புரதம் போவதைக் குறைக்கும் மாத்திரைகளைச் சரியான சமயத்தில் தொடங்கினால் கிட்னி கெடுவதைப் பல வருடம் தள்ளிப்போட முடியும். காதுக்கு, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள், கண்ணுக்கு லென்ஸ், ரெட்டினா இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவுக்குத் தொந்தரவே இல்லை என்றாலும் அவருடைய யூரினையும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்த அணுக்கள் இருக்கலாம். அக்காவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள்.